யார் என்று கேட்பவர் யார்?

டொமைன் வாங்கும் பக்கத்தில், பணம் கட்டுவதற்குச் சற்று முன்னால் ஒரு சின்னக் கட்டம் வரும். உங்கள் தனிப்பட்ட விவரங்களை மறைக்க வேண்டுமா என்று கேட்கும். சில நிறுவனங்கள் அதற்குத் தனியாகக் காசு வாங்கும். சில இலவசமாகத் தரும். சில இடங்களில் கட்டமே இருக்காது, தானாகவே மறைத்துவிடுவார்கள். டாட் இன், டாட் யுஎஸ் என்று போனால் அப்படி ஒரு சேவையை விற்கவே அனுமதி கிடையாது. ஒரே ஆள், ஒரே வீடு, ஒரே கைபேசி எண். ஆனால் எந்தக் கடையில், எந்தப் பின்னொட்டோடு பெயர் வாங்குகிறார் என்பதைப் பொறுத்து அவருடைய விவரங்கள் ஊருக்குத் தெரியலாம், தெரியாமலும் போகலாம்.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் "அந்தக் கட்டத்தில் டிக் போடுங்கள்" என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். நல்ல யோசனைதான். போட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கட்டம் ஏன் அங்கே வந்தது என்பது எனக்கு அதைவிட முக்கியமான கேள்வியாகப் படுகிறது. அதற்குப் பதில் தேடினால் ஒரு பழைய தொழில்நுட்ப ஆவணத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

1982 மார்ச்சில் வெளியான ஆர்எஃப்சி 812 என்ற சிறு குறிப்புதான் ஹூயிஸ் என்ற வசதியை முறைப்படி விவரித்தது. ஹூயிஸ் என்றால் 'யார் இவர்'. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்துக்குள் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய வலையமைப்புத் தகவல் மையம் அதை நடத்தியது. அன்றைய ஆர்ப்பாநெட்டில் இருந்தவை சில நூறு கணினிகள்தான். அதைப் பயன்படுத்தியவர்கள் பல்கலைக்கழகத்துக்காரர்கள், ராணுவத்துக்காரர்கள், அவர்களுக்கு ஒப்பந்தத்தில் வேலை செய்தவர்கள். எதிர்முனைக் கணினி படுத்துவிட்டால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும். அதனால் பெயர், அஞ்சல் முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளச் சொன்னார்கள். 43-ஆம் போர்ட்டில் போய்ப் பெயரைத் தட்டினால் விவரம் வரும்.

இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஒரு சின்னக் கல்லூரியின் ஆசிரியர் அறையில் சுவரில் ஒட்டியிருக்கும் போன் நம்பர் பட்டியல் மாதிரி அது. அறைக்குள் வருகிறவர் எல்லாரும் தெரிந்தவர்கள். அங்கே எழுதியிருக்கும் எண்ணும் பெரும்பாலும் அலுவலக எண். அந்த ஏற்பாட்டில் ஒரு கேள்விக்கு இடமே வைக்கவில்லை: கேட்கிறவர் யார்? பட்டியலில் இருப்பவர் தன்னைப் பற்றி எல்லாம் சொல்ல வேண்டும். பட்டியலைப் பார்ப்பவர் எதுவுமே சொல்ல வேண்டியதில்லை. பெயர், காரணம், கையெழுத்து எதுவும் வேண்டாம். ஆசிரியர் அறைக்கு அது போதும்.

பிறகு நடந்தது என்னவென்றால், அந்தப் பட்டியலை அப்படியே பெயர்த்துக்கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் ஒட்டினார்கள். 1990-களில் டொமைன் பெயர்கள் வணிகமாயின. 1998-ல் ஐகான் அமைப்பு உருவானது. டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க் போன்றவற்றை விற்கும் ரெஜிஸ்ட்ரார்களோடு அது போட்ட ஒப்பந்தங்களில், வாங்குபவரின் பெயரையும் முகவரியையும் தொடர்பு விவரங்களையும் ஹூயிஸில் பொதுவில் காட்ட வேண்டும் என்பது கட்டாயம். பொய்யான விவரம் கொடுத்தால் பெயர் பறிபோகலாம். வருடத்துக்கு ஒருமுறை "உங்கள் விவரங்கள் சரியாக இருக்கின்றனவா" என்று கேட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும் என்ற விதி 2003-ல் வந்தது. சேர்ந்த விவரத்தைப் பார்ப்பவருக்கு மட்டும் 1982-ல் இருந்த அதே சலுகை தொடர்ந்தது.

வேடிக்கை என்னவென்றால், ஹூயிஸின் தொழில்நுட்ப வரையறையே இதற்கு எதிராகப் பேசுகிறது. 2004-ல் வந்த ஆர்எஃப்சி 3912, பாதுகாப்பு பற்றிய பகுதியில் ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறது: யார் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தவோ, தகவலை ரகசியமாக வைக்கவோ இந்த முறையில் வழி இல்லை. ஆகவே எல்லாருக்கும் தெரியலாம் என்ற வகைத் தகவலுக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். கருவியைச் செய்தவர்கள் இப்படி எழுதி வைத்திருக்க, அதே கருவியில் தனிமனிதர்களின் வீட்டுக் கதவு எண்ணை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இதைத் தெரியாமல் நடந்த கோளாறு என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. கைபேசி எண்ணும் வீட்டு முகவரியும் எல்லாருக்கும் தெரியக்கூடிய தகவல்தான் என்று யாரோ நமக்காக முடிவு செய்திருக்கிறார்கள்.

"நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதும் பொதுத் தகவல்தானே, டொமைனுக்கு மட்டும் என்ன?" என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாக இருக்கும். வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: எழுதிக் கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், ஆவண எண், சர்வே எண், எல்லைகள் இருக்கும். வாங்கியவரின் செல்போன் எண் இருக்காது. சொத்து யாருடையது என்பது ஒரு தகவல். அந்த ஆளை இந்த நிமிடம் எங்கே பிடிக்கலாம் என்பது வேறு தகவல். ஹூயிஸ் இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தது.

அந்த இரண்டாவது தகவலின் எடையும் 1982-க்குப் பிறகு மாறிவிட்டது. அன்றைய தொலைபேசி எண் ஒரு மேசையின் எண். நம் ஊரில் இன்றைய கைபேசி எண்ணில் வங்கியின் ஓடிபி வருகிறது, யுபிஐ ஓடுகிறது, வாட்ஸாப்பில் முகம் தெரிகிறது, ஆதார் இணைந்திருக்கிறது. முகவரியும் அப்படித்தான். வலைத்தளம் ஒருவருடையது. வீடு குடும்பத்துடையது. ஒருவர் எழுதிய சாதி பற்றிய கட்டுரைக்கோ சினிமா விமர்சனத்துக்கோ கோபப்பட்டு யாராவது கதவைத் தட்டினால், திறப்பது அவருடைய அம்மாவாகவும் இருக்கலாம்.

தமிழில் இது இன்னும் கூர்மையான பிரச்சினை என்று நினைக்கிறேன். நமக்குப் புனைபெயர் என்பது பழைய வழக்கம். பத்திரிகைக்குப் புனைபெயரில் எழுதினால் உண்மைப் பெயரும் முகவரியும் ஆசிரியரோடு நின்றுவிடும். இலவச வலைப்பதிவுகளில் எழுதும்போதும் கிட்டத்தட்ட அதே காப்பு இருந்தது. அங்கிருந்து சொந்த டொமைனுக்கு மாறிய பலருக்கு அந்த ஒரு படியில் காப்பு போய்விட்டது. பக்கத்தின் மேலே புனைபெயர், ஹூயிஸில் அப்பா வைத்த பெயர், கூடவே பின்கோடு. சொந்த வீடு கட்டிக்கொண்டு போகிறவர்தான் அதிகம் அம்பலமாகிறார். இணையத்தில் சுதந்திரமாக இருக்க வேண்டுமானால் சொந்த டொமைன் வைத்துக்கொள்ளுங்கள் என்று இருபது வருடமாக அறிவுரை சொல்லிவரும் நாம் இந்த விலையைச் சேர்த்துச் சொன்னதில்லை.

சரி, இந்தத் திறந்த பட்டியலால் லாபம் அடைந்தது யார்? மறைக்காமல் ஒரு டொமைன் பதிவு செய்து பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும். வெப்சைட் டிசைன் பண்ணித் தருகிறோம், லோகோ போட்டுத் தருகிறோம் என்று சில மணி நேரத்திலேயே அழைப்புகள் வரத் தொடங்கும். எனக்கும் வந்திருக்கின்றன. பெயரைச் சொல்லி, டொமைனைச் சொல்லி, சார் என்று ஆரம்பிப்பார்கள். அடுத்த வகை, புதுப்பிக்கும் நேரத்தில் ரசீது போலவே வரும் போலிக் கடிதம். காலாவதியாகும் தேதியும் முகவரியும் ஒரே பதிவில் கிடைத்தால் வேறென்ன வேண்டும்? ஏமாற்ற நினைப்பவனோ தன் பதிவில் பொய் முகவரியைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். உண்மையைச் சொன்னவர் மாட்டிக்கொள்வதும் பொய் சொன்னவர் தப்பிப்பதும்தான் இந்த ஏற்பாட்டின் நடைமுறைப் பலன்.

இந்தப் பயத்தின் மேல்தான் ஒரு வியாபாரம் எழுந்தது. 2002-ல் டொமைன்ஸ் பை பிராக்ஸி தொடங்கியது. பின்னால் ஒவ்வொரு ரெஜிஸ்ட்ராரும் தனக்கென ஒரு மறைப்புச் சேவை வைத்துக்கொண்டார்கள். விதி உங்கள் முகவரியை வெளியே போடச் சொல்கிறது, நாங்கள் காசு வாங்கிக்கொண்டு அதை மூடுகிறோம் என்பதுதான் சரக்கு. அந்தரங்கம் உரிமையாக இருக்க வேண்டிய இடத்தில் வருடச் சந்தாவாக மாறியது. சந்தா கட்ட மறந்தால் திரை விலகும்.

இந்த வியாபாரத்தில் பலரும் கவனிக்காத ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஒரு வகைச் சேவையில் டொமைன் உங்கள் பெயரிலேயே இருக்கும், தொடர்பு விவரங்களுக்குப் பதிலாக மட்டும் அவர்களுடைய முகவரி இருக்கும். இன்னொரு வகை பிராக்ஸி, அதாவது பினாமி. பதிவேட்டில் உரிமையாளராகவே அவர்கள்தான் இருப்பார்கள். உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான ஒப்பந்தத்தில்தான் நீங்கள் உரிமையாளர். பினாமி சொத்தின் ஆபத்து நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2007-ல் ரெஜிஸ்டர்ஃபிளை என்ற அமெரிக்க ரெஜிஸ்ட்ரார் சரிந்து ஐகான் அதன் அங்கீகாரத்தை ரத்து செய்தபோது, அதன் மறைப்புச் சேவையைப் பயன்படுத்தியவர்கள்தான் கூடுதலாகத் தவித்தார்கள். பொதுப் பதிவில் அவர்கள் பெயர் இல்லை. உண்மைப் பெயர் இருந்த ஏடு சரிந்துகொண்டிருந்த நிறுவனத்தின் கையில். அந்தச் சரிவுக்குப் பிறகுதான் பதிவு விவரங்களின் நகலை மூன்றாம் தரப்பிடம் வைக்கும் ஏற்பாட்டை ஐகான் தீவிரப்படுத்தியது. முகவரியை மறைக்கப் போய் உரிமையையே அடகு வைக்கும் நிலைக்கு ஒரு வாடிக்கையாளரைத் தள்ளிய அமைப்பை நல்ல அமைப்பு என்று சொல்ல முடியாது.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. ஹூயிஸ் இப்படித் தனிநபர் விவரங்களைப் பரப்புவது சரியல்ல என்று ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் குழு 2003-லேயே கருத்து வெளியிட்டது. பதினைந்து வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2018 மே 25-ல் ஜிடிபிஆர் சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு எட்டு நாள் முன்னால், மே 17-ல், ஐகான் அவசரமாக ஒரு தற்காலிக விதியை நிறைவேற்றியது. சட்டம் அமலுக்கு வந்த நாளிலேயே ஜெர்மனியின் பான் நகர நீதிமன்றத்துக்குப் போய், எபாக் என்ற ரெஜிஸ்ட்ரார் நிர்வாகத் தொடர்பு, தொழில்நுட்பத் தொடர்பு விவரங்களையும் தொடர்ந்து வாங்கும்படி உத்தரவிடக் கேட்டது. நீதிமன்றம் மறுத்துவிட்டது. அபராதம் என்ற சொல்லைக் கேட்டதும் பல ரெஜிஸ்ட்ரார்கள் யார் ஐரோப்பியர், யார் இல்லை என்று பிரித்துப் பார்க்கும் வேலையே வேண்டாமென்று உலகம் முழுவதற்கும் சேர்த்து மறைத்துவிட்டார்கள்.

ஆக, மதுரையில் இருக்கும் ஒருவரின் வீட்டு முகவரி இன்று டாட் காம் பதிவில் தெரியவில்லை என்றால், அது பிரஸ்ஸல்ஸில் போட்ட சட்டத்தின் பக்கவிளைவு. நல்ல விளைவுதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் போட்ட தெருவிளக்கில் நாம் படித்துக்கொண்டிருக்கிறோம். அவர் அணைத்தால் அணைந்துவிடும். அமெரிக்க அரசு டாட் யுஎஸ் பெயர்களுக்கு மறைப்புச் சேவையை 2005-லேயே தடை செய்தது. நமது டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்சியும் பினாமிப் பதிவுகளை அனுமதிப்பதில்லை. டாட் இன் ஹூயிஸில் இப்போது நிறுவனப் பெயர், மாநிலம், நாடு போன்றவை மட்டும் தெரிகின்றன, மீதி மறைக்கப்பட்டிருக்கின்றன. அந்தத் திரை ஒரு நடைமுறையாக இருக்கிறது, வாங்குபவர் கேட்டுப் பெறக்கூடிய உரிமையாக இன்னும் ஆகவில்லை.

2017-ல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆனால் அதன் மூன்றாம் பிரிவைப் படித்தால் ஒரு கதவு திறந்தே இருக்கிறது: ஒருவர் தானாகப் பொதுவில் வைத்த தகவலுக்கும், சட்டக் கடமையின்பேரில் பொதுவில் வைக்கப்பட்ட தகவலுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது. ஒரு பெட்டியில் டிக் போடாமல் விட்டதால் வெளியான கைபேசி எண் இதில் எதில் சேரும்? தானாக வைத்ததுதானே என்று வாதிட ஒரு வக்கீலுக்கு அதிக நேரம் ஆகாது. அதனால்தான் எது இயல்புநிலை என்பது முக்கியமாகிறது. மறைத்திருப்பது இயல்பாக இருந்தால், வெளியே வைத்தது ஒருவரின் முடிவு. வெளியே இருப்பது இயல்பாக இருந்தால், அது அவருடைய அசதி.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. டில்லி உயர் நீதிமன்றத்தில் டாபர் நிறுவனம் தொடுத்த வழக்கு தெரிந்த உதாரணம். பெரிய நிறுவனங்களின் பெயரைச் சேர்த்து டொமைன் வாங்கி, ஏஜென்சி தருகிறோம் என்று முன்பணம் வாங்கி ஓடிப்போகிறவர்கள் இருக்கிறார்கள். பணத்தைப் பறிகொடுத்தவர் யாரைத் தேடுவது? பதிவு செய்பவர் கேட்காமலே விவரங்களை மறைத்து வைப்பது சரியா என்று நீதிமன்றம் கேள்வி எழுப்பியது. லட்சக்கணக்கில் இழந்த ஒரு குடும்பத்திடம் போய் அந்தரங்கம் பற்றிப் பாடம் எடுக்க எனக்கு வாய் வராது.

ஆனால் அந்த மோசடிக்காரனின் பதிவு திறந்திருந்தால் அதில் என்ன இருந்திருக்கும்? பொய்ப் பெயரும் பொய் முகவரியும்தான். பட்டியலைத் திறந்து வைப்பது திருடனைப் பிடிக்க உதவுவதைவிட, திருடாதவர்களின் சாவியைத் தெருவில் வைக்கவே அதிகம் உதவும். திருடனைப் பிடிக்கப் பணம் கட்டிய வழி, பதிவேட்டின் உட்புறத்தில் உள்ள சரிபார்த்த விவரம், அதை விரைவாகப் பெற ஒரு முறை ஆகியவை வேண்டும். இவை எதற்கும் ஊரறியப் பிரசுரம் தேவையில்லை.

தனிநபரையும் நிறுவனத்தையும் பிரித்துப் பார்ப்பதில்தான் தீர்வு இருக்கிறது என்று நினைக்கிறேன். கடை வைத்திருப்பவர் பலகை மாட்ட வேண்டும். நிறுவனத்தின் பெயரும் பதிவு முகவரியும் தெரிவதில் தவறில்லை. தனிமனிதர் விஷயம் வேறு. பிரான்ஸ் டாட் எஃப்ஆர் பெயர்களில் தனிநபர் விவரங்களை 2006 முதல் இயல்பாகவே மறைக்கிறது. கனடா டாட் சிஏ பெயர்களுக்கு 2008-ல் அதையே செய்தது. ஜிடிபிஆர் வருவதற்குப் பத்து வருடம் முன்பே செய்து பார்த்தாயிற்று. அந்த நாடுகளின் இணையம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

எல்லைக்கோடு போடுவது கஷ்டம் என்பதும் உண்மை. 2015-ல் ஐகானின் ஒரு குழு, வணிக நடவடிக்கை உள்ள தளங்களுக்கு மறைப்புச் சேவை கூடாது என்ற யோசனையை விவாதத்துக்கு வைத்தபோது ஆயிரக்கணக்கானவர்கள் எதிர்த்து எழுதினார்கள். வீட்டிலிருந்து ஊறுகாய் விற்கும் பெண் வணிகரா? கட்டுரைக்கு நடுவே விளம்பரம் போடும் பதிவர்? இறுதி அறிக்கையில் அந்த யோசனை கைவிடப்பட்டது. ஆகவே தளத்தில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதைவிட, பதிவு செய்பவர் சட்டப்படி நிறுவனமா தனிநபரா என்று பார்ப்பதே எளிது, நியாயமும்கூட.

மீதமிருப்பது கேட்பவர். தொழில்நுட்பம் இப்போது அதற்கு இடம் கொடுக்கிறது. ஹூயிஸுக்கு மாற்றாக 2015-ல் வரையறுக்கப்பட்ட ஆர்டிஏபி முறையில், கேட்பவர் தன்னை அடையாளம் காட்டிக்கொள்ளவும், அவரவர் தகுதிக்கு ஏற்ற அளவு விவரம் தரவும் வழி உண்டு. டாட் காம் போன்ற பொதுப் பின்னொட்டுகளுக்குப் பழைய ஹூயிஸை இயக்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2025 ஜனவரி 28-ல் முடிந்தது. மறைந்துள்ள விவரங்களைக் கேட்டு விண்ணப்பிக்க ஐகான் 2023 நவம்பரில் ஒரு முன்னோட்ட ஏற்பாட்டைத் தொடங்கியது. ஆனால் அதில் சேர்வது ரெஜிஸ்ட்ரார்களின் விருப்பம். விண்ணப்பிப்பவர் தன் பெயரையும் காரணத்தையும் சொல்ல வேண்டும், அது பதிவாக வேண்டும், குற்ற விசாரணை தவிர மற்றபடி விவரத்துக்குரியவருக்கும் தெரிவிக்க வேண்டும், அவசரத்துக்கு நாள் கெடு வேண்டும். இவ்வளவுதான் கேட்கிறேன். கருவி தயார், எழுதப்படாமல் கிடப்பது விதி.

அது வரும்வரை சொந்த டொமைன் வாங்குகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. மறைப்பை முதல் நிமிடத்திலேயே போட வேண்டும். பழைய ஹூயிஸ் பதிவுகளைச் சேகரித்து விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒரு நாள் திறந்திருந்தால் அந்த நாளின் நகல் அங்கே நிரந்தரமாகத் தங்கிவிடலாம், பிறகு மூடியும் பயனில்லை. சேவை உங்கள் பெயரை மறைக்கிறதா, உங்களுக்குப் பதிலாகத் தானே உரிமையாளர் ஆகிறதா என்று ஒப்பந்தத்தில் பாருங்கள். புகார் வந்தால் எந்த நிலையில் திரையை விலக்குவார்கள் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். டொமைனுக்கென்று தனி மின்னஞ்சல் வையுங்கள், அதே டொமைனில் வைக்காதீர்கள். டொமைன் போனால் அஞ்சலும் போய்விடும். பணம் கட்டிய ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். மறைப்பதற்காகப் பொய் முகவரி மட்டும் கொடுக்காதீர்கள். பொய்யென்று தெரிந்தால் பெயர் முடக்கப்படும், அப்போது உங்கள் பக்கம் நியாயம் பேச யாரும் வரமாட்டார்கள்.

'மறைக்க ஒன்றுமில்லாதவருக்கு என்ன பயம்' என்று இந்தப் பேச்சில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். அவரிடம் திருப்பிக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. நாற்பது வருடத்துக்கும் மேலாக ஹூயிஸில் நம்மைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் எத்தனை பேர், அவர்கள் யார், எதற்குப் பார்த்தார்கள்? அந்தப் பட்டியல் மட்டும் நம் பார்வைக்கு ஒருநாளும் வந்ததில்லை.